லேப்டாப் கடிகாரம் மூன்று முறை தவறியது: ஒன்பது வருட அனுபவம்

இந்த லேப்டாப் என்னிடம் வந்து ஒன்பது வருடமாகிறது. இதற்குள் மூன்று முறை இதன் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கிறது. மூன்று தடவையும் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: திரையின் மூலையில் தப்பான நேரம். காரணம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. யாரிடம் கேட்டாலும் "சிமாஸ் பேட்டரி போயிருக்கும், மாத்திடுங்க" என்றுதான் சொன்னார்கள் (கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் சிறு பட்டன் செல்தான் அது). அந்தப் பதில் எனக்கு ஒரு முறைதான் சரியாக இருந்தது. அதனால் இதே தொல்லையில் இருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எவ்வளவு தப்பாக இருக்கிறது, எப்போது தப்புகிறது? இந்த இரண்டையும் நான்கு நாள் ஒரு தாளில் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் பழுது ஆறாவது வருடத்தில் வந்தது. ஒரு நாள் காலையில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. மின்னஞ்சலும் வரவில்லை. வைஃபை மட்டும் முழுக் கோடு காட்டியது. ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றிப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் பிரவுசர் காட்டிய பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தேன். உங்கள் கடிகாரம் பின்னால் இருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்தது. மூலையில் பார்த்தால் தேதி பல வருடங்களுக்கு முந்தையது.

தேதி தப்பினால் இணையம் ஏன் நிற்க வேண்டும்? பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். பிரவுசர் அதை நம் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கணினி சில வருடம் பின்னால் நின்றால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாமே இன்னும் செல்லுபடியாகாதவையாகத் தெரியும். ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தத் தளத்தில். எல்லாத் தளமும் ஒரே நேரத்தில் சான்றிதழ் பிழை காட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள்.

அதற்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. சில மாதங்களாகவே காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் பத்து நிமிடம், இருபது நிமிடம் பின்னால் காட்டும். இணையம் கிடைத்ததும் தானாகச் சரியாகிவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

தேதியே மாறிப்போன பிறகுதான் உட்கார்ந்து சோதித்தேன். தானியங்கி நேரத்தை அணைத்தேன், வைஃபையைத் துண்டித்தேன். இரவு ஷட்டவுன் செய்யும்போது கைபேசிக்கும் லேப்டாப்புக்கும் எத்தனை விநாடி வித்தியாசம் என்று எழுதினேன். காலையில் திறந்ததும் மறுபடி எழுதினேன். ஒரு நாள் முழுக்க அணைக்காமல் ஓடவிட்டும் பார்த்தேன். ஓடும்போது ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. அணைந்திருந்த இரவுகளில்தான் நேரம் தொலைந்தது. அப்படியானால் கோளாறு விண்டோஸில் இல்லை, உள்ளே முதன்மைப் பலகையான மதர்போர்டில் இருக்கும் சிறு கடிகாரத்தில்.

அந்தச் சிறு கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினி அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். அதனுள் ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதி பாதியாக வகுத்தால் சரியாக 1 வரும், அதாவது விநாடிக்கு ஒரு துடிப்பு. படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 விநாடி தவறும், மாதத்துக்கு ஒரு நிமிடத்தைத் தொடாது. இது இயல்பு. ஒரே இரவில் இருபது நிமிடம் என்பது படிகத்தின் பிசகு அல்ல. மின்சாரம் போதாமல் கடிகாரம் நின்று நின்று ஓடியிருக்கிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இப்படி ஒரு கடிகாரமே கிடையாது, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அதன் இயங்குதளமான டாஸ் தேதியைக் கேட்கும். பேட்டரியில் ஓடும் கடிகாரம் மதர்போர்டிலேயே வந்தது ஐபிஎம்மின் 1984-ஆம் வருட ஏடி மாடலில்.

அந்தக் கடிகாரத்தை ஓட்டும் பட்டன் செல் ஏன் இத்தனை சீக்கிரம் தீர்ந்தது என்பதைத்தான் நான் கடைசியாகக் கண்டுபிடித்தேன். லேப்டாப்பின் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை என் மாடலில் சிறு கடிகாரமும் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பட்டன் செல்லுக்கு வேலையே இருக்காது. ஆனால் ஐந்தாவது வருடத்திலேயே என் பெரிய பேட்டரி செத்துவிட்டது. சார்ஜரைச் செருகித்தானே வேலை செய்கிறோம் என்று அதை மாற்றாமல் விட்டேன். தினமும் இரவு பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். ஒவ்வொரு இரவும் முழுச் சுமையும் அந்தச் சின்னச் செல்லின் தலையில் விழுந்தது. பழைய லேப்டாப்பை அலமாரியில் மாதக்கணக்கில் போட்டு வைப்பவர்களுக்கும் நடப்பது இதுதான்.

செல் மாற்றும்வரை சமாளிக்க வேண்டியிருந்தது. சார்ஜரைப் பிடுங்காமல் விட்டால் நேரம் சரியாக இருந்தது. ஒருநாள் மறந்து பிடுங்கிவிட்டால் மறுபடி பழைய தேதி. அப்போது தானியங்கி நேரமும் கைகொடுக்கவில்லை. காரணம் தெரிய வெகுநாள் ஆனது. வீட்டுக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவைக்கு இயல்பாகவே ஒரு எல்லை உண்டு, 54,000 விநாடி, அதாவது 15 மணி நேரம். வித்தியாசம் அதைத் தாண்டினால் அது தானாகத் திருத்தாது. அதனால் தேதியையும் மணியையும் முதலில் கையால் ஏறக்குறைய சரியாக வைத்துவிட்டு, பிறகு ஒத்திசைக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்த பிறகு ஒரு முறைகூட அது மறுக்கவில்லை.

இனி செல் மாற்றிய கதை. கடையில் சிஆர்2032 என்று கேட்டு வெறும் வட்டச் செல்லை வாங்கி வந்தேன். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட், எல்லாம் சரி. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது வேறு வடிவம். கறுப்பு உறை போட்ட செல், அதிலிருந்து ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர், முனையில் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய வெள்ளைக் கனெக்டர். ஒயர்கள் செல்லோடு வெல்டு செய்யப்பட்டிருந்தன. பழைய ஒயரை வெட்டிப் புதுச் செல்லில் நாமே சால்டர் வைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். லித்தியம் செல்லில் நேராகச் சூடு வைத்தால் அது வெடித்துக் கசியக்கூடும். ஒயரோடு தயாராக விற்கிற செல்லையே தேடி வாங்கினேன். மூடியை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சில மாடல்களில் சார்ஜ் ஆகும் வகைச் செல் இருக்கும். அங்கே சாதாரண சிஆர் வகையை வைத்தால் போர்டு அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், அது ஆபத்து. பட்டன் செல்லே இல்லாத லேப்டாப்களும் இருக்கின்றன.

திறப்பதற்கு முன் செய்த இரண்டு வேலைகளுக்காக இன்றும் நிம்மதிப்படுகிறேன். பயாஸ் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் ஓடும், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் நிரல்) திரைகள் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். வட்டைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்தேன். செல்லைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போகலாம். அப்போது வட்டு பூட்டியிருந்தால் அந்தச் சாவியைக் கேட்கும். எனக்குக் கேட்டது. ஹார்டு டிஸ்க் இணைப்பு முறையும் மாறியிருந்தது, அதனால் விண்டோஸ் ஏறவில்லை. எடுத்து வைத்த படத்தைப் பார்த்துப் பழைய முறைக்கு மாற்றியதும் ஏறியது. படம் இல்லாவிட்டால் வட்டே போய்விட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

சார்ஜரைப் பிடுங்கி, பெரிய பேட்டரியின் கனெக்டரையும் எடுத்துவிட்டுத்தான் செல்லில் கை வைக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் முனையால் வெள்ளைக் கனெக்டரின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறி நெம்பினால் மெதுவாக வெளியே வரும். பழைய செல்லை மல்டிமீட்டரில் வைத்தேன், 1.9 வோல்ட். புதியது 3.2. அதன்பின் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பழைய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது அது.

அதே வாரம் பெரிய பேட்டரியையும் மாற்றினேன். பிறகு இரண்டு வருடம் கடிகாரம் பிசகவே இல்லை.

இரண்டாவது தொல்லை, விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டபோது வந்தது. லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் மணி தப்பாக இருக்கும். புதுச் செல்லும் போய்விட்டதா என்று மனது பதறியது. ஆனால் இந்த முறை தாளில் குறித்தேன். தேதி சரி, விநாடி சரி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வித்தியாசம். அந்த அளவு என் நேர மண்டலத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான். செத்த செல் இப்படிக் கணக்காகத் தவறாது.

விண்டோஸ் சிறு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரமாகப் படிக்கும், எழுதும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் போதும். நான் விண்டோஸை மாற்றினேன். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், நேர மண்டலத் தகவல் பகுதியில் 'ரியல் டைம் இஸ் யுனிவர்சல்' என்று இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயரில் ஒரு மதிப்பு உருவாக்கி 1 என்று வைத்தேன். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இழுப்பது இன்னும் எளிது, ஒரே கட்டளை. ஆனால் கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் இரண்டு இயங்குதளமும் ஆளுக்கொரு முறை மணியை நகர்த்திவிடும். உள்ளே பொது நேரம் இருப்பதே என் மனதுக்குப் பிடித்த வழி.

லினக்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பல வெளியீடுகளில் நேர ஒத்திசைவுச் சேவை கடைசியாக அறிந்த நேரத்தைக் கோப்பாகச் சேமித்து வைக்கும், அதற்குப் பின்னால் கடிகாரத்தைப் போகவிடாது. அதனால் செல் செத்திருந்தாலும் பழைய வருடம் தெரியாது. நேற்று இரவு அணைத்த மணியிலேயே இன்று காலை திறக்கும். அப்படித் தெரிந்தால் பயாஸுக்குள் போய் அங்கே என்ன தேதி என்று பாருங்கள்.

மூன்றாவதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இணைய இணைப்பை வேறு இடத்துச் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன்னைப் போட்டிருந்தபோது, நேர மண்டலத்தைத் தானாக அமைக்கும் வசதி என்னை வேறு நாட்டில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. மணி மட்டும் மாறியது, நிமிடம் மாறவில்லை. அந்த வசதியை அணைத்துவிட்டு மண்டலத்தைக் கையால் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நிமிட வேலை.

செல் மாற்றி மூன்று வருடம் ஆகிறது. சென்ற மாதம் தானியங்கி நேரத்தை அணைத்து, இணையமே இல்லாமல் முப்பது நாள் ஓட்டிப் பார்த்தேன். தினமும் இரவு முழு ஷட்டவுன். முப்பதாம் நாள் காலையில் பயாஸைத் திறந்து கைபேசியோடு ஒப்பிட்டேன். 41 விநாடி முன்னால் ஓடியிருந்தது. தானியங்கி நேரத்தை மறுபடி போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.