சுங்கை சிப்புட் துப்பாக்கிக் கடை: குழல் சுத்தம் செய்யக் கொடுத்தேன்

காட்டுப்பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் செம்பனைத் தோட்டக்காரர்கள் தயங்காமல் இந்தக் கடைக்குப் போகலாம். என் 12 போர் (சிதறல் தோட்டா போடும்) துப்பாக்கியின் குழலுக்குள் பழுப்பாகத் தெரிந்ததும், புதுக் குழல் மாற்றச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் போனேன். அங்கே வேலை பார்க்கும் பெரியவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "மேல் துருதான் தம்பி, எடுத்துடலாம்" என்றார். மாற்றச் சொல்லியிருந்தால் நானும் சரி என்றிருப்பேன், அதனால்தான் இந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

வேலை செய்துகொண்டே விளக்கவும் செய்கிறார். ரைஃபிள் குழல் தேய்வதற்கு முக்கியக் காரணம் சூடும் அழுத்தமும். .308 ரைஃபிள் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகும், எரியும் வாயு, தோட்டா உட்காரும் அறைக்கு அடுத்த 'தொண்டை'ப் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும், அதிலும் குழலை ஆறவிடாமல் தொடர்ந்து சுட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட் என்ற ரைஃபிள் தோட்டா குழலைத் தின்கிறது என்று பெயரெடுத்ததும் இதனால்தான்: சின்னத் துளை, நிறைய வெடிமருந்து. சாதாரண .22 ரைஃபிளில் மருந்தும் குறைவு, குண்டும் ஈயம், ஆகவே வருடக்கணக்கில் சுட்டாலும் தாங்கும்.

நம்முடைய 12 போரில் அழுத்தம் 11,500 பவுண்டு அளவுதான், ரைஃபிளில் இருப்பதுபோல் உள்ளே சுருள் வரிகளும் கிடையாது. சுட்டுத் தேய்வது அபூர்வம். ஆனால் இங்கே அடிக்கிற மழைக்கும் புழுக்கத்துக்கும், இரவெல்லாம் தோட்டத்தில் நனைந்த துப்பாக்கியை அப்படியே உறையில் போட்டு வைத்தால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? மருந்துக் கரியும் பிளாஸ்டிக் படிவும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெண்கல பிரஷ் போட்டு, கரைப்பான் விட்டுத் துடைத்து, கடைசியில் மெல்லிசாக எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தச் சொன்னார், இல்லாவிட்டால் எண்ணெய் இறங்கி மரக்கட்டையை ஊறவைத்துவிடுமாம். ரைஃபிளாக இருந்தால் கம்பியை வாய்ப்பக்கத்திலிருந்து விடக்கூடாது, அந்த விளிம்பு சிதைந்தால் குறி தப்பும் என்றும் சொன்னார். பழைய ஃபுல் சோக் (வாய்ப்பக்கம் நன்றாகக் குறுகிய) குழலில் எஃகுச் சிதறல் தோட்டா போடவே வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொன்னார், அது நிறைய பேருக்குத் தெரியாது.

குறை என்றால், கூலி எவ்வளவு என்று வேலை முடிந்த பிறகுதான் சொல்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை, முன்பே கேட்டுவிடுங்கள். கடையும் ரொம்ப இடுக்கு. அப்புறம், லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டாமல் துப்பாக்கியைக் கையில் வாங்கவே மாட்டார்கள், மறக்காமல் எடுத்துப் போங்கள்.