ஆறு கொலு கண்ட குளூ கன்னும் அதன் ஒழுகும் மூக்கும்

போன வாரம் தெருமுனை எலெக்ட்ரிக் கடையில் என் குளூ கன்னுக்குப் புது ஒயர் மாற்றி வாங்கி வந்தேன். பசைக்குச்சியை மின்சாரத்தில் உருக்கி, விசையை அழுத்தினால் மூக்கு வழியாகச் சூடாகப் பிதுக்கும் துப்பாக்கி வடிவக் கருவி அது. கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் மடிந்து மடிந்து உள்ளேயே அறுந்திருந்தது. கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு, கொஞ்சம் தடிமனான ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தார். அன்று மாலையே சித்தி மகள் அழைத்தாள். "அக்கா, நீ வெச்சிருக்கியே, அதே குளூ கன் இப்ப விலை இறங்கியிருக்கு. எங்க வீட்டு முதல் கொலுவுக்கு வாங்கிடவா?" என்று கேட்டாள். உடனே ஆம் என்றோ வேண்டாம் என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. ஆறு ஆண்டுகள் ஒரு பொருளோடு பழகிய பிறகு ஒரு சொல்லில் பதில் சொல்வது எளிதாக இல்லை என்பதால், அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே முழுமையாகவே எழுதிவிடுகிறேன்.

2019-ஆம் ஆண்டு ஆடித் தள்ளுபடியில் இதை வாங்கினேன். 40 வாட், 11 மில்லிமீட்டர் குச்சி. மற்ற விவரங்கள் எல்லாம் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் கொலு அலங்காரம் என்றால் ஃபெவிகாலும் துணி உலர்த்தும் கிளிப்புகளும்தான். அட்டையில் கோபுரம் செய்தால் ஒரு நிலையை ஒட்டி, கிளிப் போட்டு, இரவு முழுவதும் காயவிட்டு, மறுநாள் அடுத்த நிலையைத் தொடுவோம். ஐந்து நிலைக் கோபுரத்துக்கு ஐந்து இரவுகள் வேண்டும். குளூ கன் வந்த ஆண்டு அதே கோபுரத்தை ஒரே பிற்பகலில் எழுப்பி நிறுத்தினேன். அரை நிமிடம் கையால் அழுத்திப் பிடித்தால் போதும், அட்டையோடு அட்டை பிடித்துக்கொண்டது. குந்தன் கல், ஜரிகை லேஸ், சமிக்கி, உல்லன் நூலில் சுற்றிய பூப்பந்து, காய்ந்த தாமரைக் காய், சணல் கயிறு என்று எதைக் கொடுத்தாலும் ஒட்டியது. நிலைத் தோரணமும் சீர்வரிசைத் தட்டுகளும் செய்ய இதைவிட வேகமான ஒரு கருவி எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் இது ஒழுகும்.

முதல் நாளிலிருந்து ஒழுகுகிறது. ஒயர் மாற்றிய பிறகும் ஒழுகுகிறது. விசையைத் தொடாமல் தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தாலும், மூன்றாவது நிமிடத்தில் மூக்கின் நுனியில் ஒரு சொட்டு திரளும். முதலில் கடுகு அளவு, பிறகு மிளகு அளவு, அதன் பிறகு கழுத்து நீண்டு, கீழே விழும்போது ஒரு மெல்லிய இழையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அது விழுந்த உடனே அடுத்த சொட்டு திரளத் தொடங்கிவிடும். ஒரு மாலை வேலைக்கு ஒரு குச்சியில் கால் பங்காவது இப்படியே வீணாகிறது என்பது என் கணக்கு.

ஏன் இப்படி ஆகிறது என்று நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இதன் உள்ளே இருக்கும் சூடேற்றும் பீங்கான் வில்லை, சூடு ஏற ஏற மின்தடையும் ஏறித் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும் வகை. எனவே சூட்டைக் கட்டுப்படுத்தத் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் வைக்கும் செலவு தயாரிப்பாளருக்கு மிச்சம். அந்த வில்லை மட்டுப்படுத்துமே தவிர அணையாது. நாம் பயன்படுத்தாத நேரத்திலும் உள் அறையில் இருக்கும் பசை உருகிக்கொண்டும் விரிந்துகொண்டும் இருக்கிறது. விரியும் பசைக்கு மூக்கைத் தவிர வேறு வழி இல்லை. நல்ல கன்களில் மூக்குக்குள் ஒரு சின்னக் குண்டும் சுருள்வில்லும் இருக்கும். விசையை அழுத்தும்போது வரும் அழுத்தத்தில் மட்டும் அந்தக் குண்டு விலகி வழி விடும். என்னுடையதில் அது இல்லை. போதாததற்கு சுவிட்சும் இல்லை. நிறுத்த வேண்டுமென்றால் பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் மறுபடி சூடேற ஐந்து நிமிடம் ஆகும். அந்தக் குண்டுக்கும் சுருள்வில்லுக்கும் பெரிய விலை இருந்திருக்காது. அதை மிச்சம் பிடித்தவர்கள் தங்கள் வீட்டு மேசையில் இதை ஒரு மாலை முழுவதும் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், என் வேலை மூலை ஒழுங்குக்கு வந்ததே இந்த ஒழுகலால்தான். கூடத்தில் சன்னலோரம் ஒரு மடக்கு மேசை. முன்பு அதன் மேல் துணி, காகிதம், கத்தரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இது வந்த மூன்றாம் நாளே ஒரு சொட்டு புது ஜரிகை லேஸ் சுருளின் மேல் விழுந்து, சுருளின் பல சுற்றுகளைச் சேர்த்து ஒட்டிவிட்டது. அன்றே மேசையைக் காலி செய்தேன். குளியலறை வேலையில் மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் ஒன்றை வலது மூலையில் வைத்து, அதன் மேல்தான் கன் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். டைல்ஸில் விழும் சொட்டு ஆறியதும் நகத்தால் நெம்பினால் வட்டமாக, சுத்தமாகக் கழன்று வந்துவிடும். கற்களுக்குப் பாட்டியின் பழைய அஞ்சறைப் பெட்டி. கடுகு இருந்த கிண்ணத்தில் சிவப்பு, சீரகம் இருந்ததில் பச்சை, நடுக்கிண்ணத்தில் வெள்ளை முத்து என்று வைத்தேன். மூடி போட்டால் சொட்டும் விழாது, சிதறவும் செய்யாது. லேஸ் சுருள்கள் சுவரில் அடித்த துணிக் கொடியில் வரிசையாகத் தொங்குகின்றன. பசைக்குச்சிகள் வெயில் படாத அலமாரியில், மூடி போட்ட நீளமான எவர்சில்வர் டப்பாவில் இருக்கின்றன. மேசையின் மேல் டைல்ஸ், கன், கையில் இருக்கும் ஒரே வேலை ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்ற வழக்கம் ஆறு ஆண்டுகளாகத் தொடர்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் அந்த மூலையைப் பாராட்டும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

2021 கொலுவில் நடந்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுச் செட்டியார் பொம்மை என் மாமியார் தம் தாய் வீட்டிலிருந்து கொண்டு வந்தது. மண் பொம்மை, தொந்தி, தலைப்பாகை, முன்னால் தானியம் பரப்பிய கடை. அவருடைய கடைக்கு மேல் சணலில் ஒரு சிறிய பந்தல் போட வேண்டுமென்று ஆசைப்பட்டேன். பொம்மையைப் படியிலிருந்து இறக்கச் சோம்பி, கன்னையே படிக்குக் கொண்டு போனேன். பந்தல் கால் ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த காலை எடுக்கத் திரும்பிய நேரத்தில், விசையைத் தொடாமலேயே, ஒரு சொட்டு அவருடைய இடது கன்னத்தில் விழுந்தது. ஆறட்டும் என்று காத்திருந்து மெல்லத்தான் நெம்பினேன். சொட்டோடு வண்ணமும் உரிந்து வந்தது. பட்டாணி அளவுக்கு உள்ளே இருந்த செம்மண் தெரிந்தது. சொட்டின் அடிப்பக்கத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த இளஞ்சிவப்பு வண்ணம் வழவழப்பாக அப்படியே ஒட்டியிருந்தது. மாமியாரிடம் கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். "விடும்மா, திருஷ்டி கழிஞ்சுதுன்னு வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கனத்திருக்காது.

பொம்மையை இறக்காதது என் தவறு. ஆனால் தொடாத விசைக்குப் பசை ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

பயன்படுத்தக் கற்றுக்கொண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டி முடித்துக் கன்னை அப்படியே பின்னால் இழுத்தால் சிலந்தி வலை மாதிரி நூலிழைகள் எல்லா இடத்திலும் படியும். இழுக்காமல், மூக்கை ஒட்டிய இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றித் தேய்த்து எடுத்தால் இழை அறுந்துவிடும். அதையும் மீறிப் படிந்த இழைகளுக்கு ஹேர் டிரையரின் சூடான காற்றை ஓரிரு நொடிகள் காட்டினால் சுருங்கி மறைந்துவிடுகின்றன. பித்தளைத் தட்டில் நேரடியாக ஒட்டினால் உலோகம் சூட்டை உடனே உறிஞ்சிவிடுவதால் பசை பிடிப்பதற்குள் ஆறிப்போகும். ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் செய்து கொடுத்த ஆரத்தித் தட்டில் கற்கள் பாதி உதிர்ந்ததை அங்கே போய்ப் பார்த்துத்தான் இதைக் கற்றேன். இப்போது தட்டை முதலில் ஹேர் டிரையரால் சூடாக்கிவிட்டு ஒட்டுகிறேன், நிற்கிறது. தெர்மகோலில் இதை நேரடியாக வைக்கவே கூடாது. தெர்மகோல் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே இளகிவிடும், இந்தப் பசையோ அதைவிட மிகுதியான சூட்டில் வெளியே வருவதால், ஒட்டுவதற்குப் பதிலாகக் குழி தோண்டிவிடும். அலங்காரத்துக்கான தெர்மகோலை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள் என்பதால் இனி அந்தக் கவலையும் வேண்டியதில்லை. நானும் அதன் பிறகு சாமான் வந்த அட்டைப்பெட்டிகளுக்கே மாறிவிட்டேன். அட்டையும் இந்தப் பசையும்தான் சரியான ஜோடி.

சூடான சொட்டு தோலில் விழுந்தால் பதறிப் பிய்த்து எடுக்கக் கூடாது. தோலோடு வந்துவிடும். உடனே குழாய்த் தண்ணீரில் கையை நீட்டிப் பசையை ஆறவிட வேண்டும். என் இடது ஆள்காட்டி விரலில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன, இரண்டுமே சும்மா நின்ற கன்னிலிருந்து விழுந்த சொட்டுகளால் வந்தவை.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் இதில் உண்டு. ஒட்டியதைக் கழற்ற முடியும்! மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துப் பசையின் ஓரத்தில் விட்டால், சற்று நேரத்தில் பசை பிடியை விட்டு முழுத் துண்டாகக் கழன்று வருகிறது. சென்ற ஆண்டுத் தட்டிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட குந்தன் கற்களை இப்படி ஒன்றுவிடாமல் எடுத்து இந்த ஆண்டுத் தோரணத்துக்கு வைத்திருக்கிறேன். மண் பொம்மையின் வண்ணத்தின் மேல் மட்டும் இதை முயல வேண்டாம், வண்ணமும் கரைந்துவிடக் கூடும். இன்னொரு பக்கம், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரணில் கோபுரத்தை வைத்தால் சித்திரை வெயிலில் பசை இளகி, கலசங்கள் சாய்ந்துவிடுகின்றன. அதனால் இப்போதெல்லாம் அலங்காரப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில்தான்.

மார்கழிக்கு முன்பு இது அடுத்த வீட்டுக்கும் போகும். அவர்கள் மூங்கில் பிளாச்சில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவார்கள். குடிலுக்கு வைக்கோல் கூரையும் வேய்வார்கள். மூங்கில் முனைகளைக் கம்பியால் கட்டுவதற்கு முன் ஒரு சொட்டுப் பசை வைத்தால் நழுவாமல் நிற்கிறது. கன்னோடு டைல்ஸையும் சேர்த்தே கொடுத்து அனுப்புகிறேன். "டைல்ஸ் எதுக்கு அக்கா?" என்று முதல் ஆண்டு மட்டும்தான் கேட்டார்கள்.

சித்தி மகளுக்கு என் பதில் இதுதான்: இதை வாங்காதே. எவ்வளவு விலை குறைந்திருந்தாலும் வேண்டாம். இன்னும் இருநூறு, முந்நூறு ரூபாய் போனாலும் பரவாயில்லை, சுவிட்ச் இருக்கிறதா என்று பார். சொட்டு நிறுத்தும் மூக்கு என்று விவரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார். தாங்கி மெல்லிய கம்பியாக இல்லாமல் அகலமாக இருக்கட்டும். என்னிடம் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன்.

இதைச் சொன்னபோது, "அப்புறம் நீ எதுக்கு அக்கா காசு குடுத்து ஒயர் மாத்தின?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். இதன் எடை என் கைக்குப் பழகியிருக்கிறது. விசையை எவ்வளவு அழுத்தினால் ஒரு குந்தன் கல்லுக்குப் போதுமான பசை வரும் என்பது என் விரலுக்குத் தெரியும். சொட்டு எந்த நொடியில் விழும் என்பதும் தெரியும். இன்னொன்றைப் புதிதாகப் பழகிக்கொள்ள இந்த நவராத்திரிக்குள் நேரம் இல்லை.

செட்டியாரின் கன்னத்துக்கு வண்ணம் பூசித் தர ஒரு பொம்மைக் கலைஞரிடம் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு போக வேண்டும். பந்தலை இந்த முறை மேசையிலேயே, டைல்ஸுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்து முடித்துவிட்டேன். ஆறிய பிறகுதான் அது படிக்குப் போகும்.