டாக்ஸிசைக்ளின் 100 மி.கி: வேலை செய்கிறது, விழுங்கும்போதுதான் கவனம்

முகப்பருவுக்காகத் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்து எடுத்துக்கொண்ட மருந்து இது. ஐந்துக்கு நான்கு தருவேன். அந்த ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், எப்படி விழுங்க வேண்டும் என்பது அட்டையோடு வரும் தாளில் எறும்பு சைஸ் எழுத்தில் எங்கோ நடுவில் கிடக்கிறது. கொட்டை எழுத்தில் முதல் வரியாகப் போட வேண்டிய விஷயம் அது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டெட்ராசைக்ளின் குடும்பத்து ஆன்டிபயாடிக், 1967 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்க விடாமல் இது தடுத்துவிடும், கிருமி பெருக முடியாமல் நின்றுபோகும், மிச்சத்தை நம் உடம்பு பார்த்துக்கொள்ளும். பருவுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸுக்கு முதலில் கை வைக்கும் மருந்தே இதுதான், எலிக் காய்ச்சல், கிளமிடியா, சில வகை நிமோனியா, காலரா, ஏன் பிளேக், ஆந்த்ராக்ஸ் வரைக்கும் பட்டியல் போகிறது. மலேரியா உள்ள பகுதிக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பாகவும் கொடுக்கிறார்கள். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும், அங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சளி, ஃப்ளூ மாதிரி வைரஸ் சமாச்சாரத்துக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, விழுங்கும் விஷயத்துக்கு வருவோம். இந்த மாத்திரை, அதுவும் கேப்சூலாக இருந்தால், தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கரைய ஆரம்பித்தால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும், ஏனென்றால் கரையும்போது நல்ல அமிலத்தன்மை. எச்சில் விழுங்கினாலே நெஞ்சு நடுவில் குத்தும், சிலர் ஹார்ட் அட்டாக் என்று பயந்து ஓடுகிற அளவுக்கு. அதனால் ஒரு முழு டம்ளர் தண்ணீர், உட்கார்ந்தோ நின்றோ விழுங்குவது, பிறகு குறைந்தது அரை மணி நேரமாவது படுக்காமல் இருப்பது. ராத்திரி படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மடக்குத் தண்ணீரில் தள்ளிவிடும் பழக்கம் உள்ளவர்கள் காலைச் சாப்பாட்டோடு நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு எடுத்தால் குமட்டலும் குறைகிறது, எனக்கு வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளவே இல்லை.

அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், துத்தநாகம், அசிடிட்டிக்குக் குடிக்கும் சிரப். இவற்றில் உள்ள உலோகச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும். சில மணி நேர இடைவெளி கட்டாயம் வேண்டும். பாலும் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும், பழைய டெட்ராசைக்ளின் அளவுக்கு மோசமில்லை என்றாலும் மாத்திரையைப் பாலோடு விழுங்குவது வேண்டாம். மல்டிவைட்டமினை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதிலும் இதெல்லாம் இருக்கிறது.

வெயில் இன்னொரு தொல்லை. வழக்கமாக ஒன்றும் ஆகாத வெயிலிலேயே தோல் சிவந்து எரியும். முழுக்கை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் தேவை. பருவுக்கு எடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே கண்ணாடி பார்த்து ஏமாற வேண்டாம், வித்தியாசம் தெரியவே 6 முதல் 8 வாரம் பிடிக்கும். கூடவே பென்சாயில் பெராக்சைடு மாதிரி பூசும் மருந்தும் கொடுப்பார்கள், அதை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால் கிருமி இதற்குப் பழகிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

கர்ப்பிணிகள் டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், வளரும் குழந்தையின் பல்லில் கறை படியக்கூடும். 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பொதுவாகத் தவிர்ப்பார்கள், ஆனால் ஸ்க்ரப் டைபஸ் மாதிரி ஆபத்தான காய்ச்சலில் சில நாள் கோர்ஸாகக் கொடுப்பது உண்டு, டாக்டர் அப்படி எழுதினால் பதற வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், பருவுக்கே ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் இதையெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐசோட்ரெட்டினாயினோடு இதைச் சேர்க்கவே கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும். தாங்க முடியாத தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தாலோ, விடாத நீர்ப்பேதி வந்தாலோ, முகம் வீங்கி மூச்சு திணறினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் எடுக்கலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். அலமாரியில் மிச்சம் கிடக்கும் பழைய அட்டையை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். 1960களில் காலாவதியாகிக் கெட்டுப்போன டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கிறது.