ஒரே முதலாளி, இரண்டு வழக்கு: பெட்டி டேவிஸும் ஒலிவியா டி ஹாவிலண்டும்

இந்த இரண்டு நடிகைகளையும் அருகருகே வைத்தால் முதலில் ஆஸ்கரைத்தான் எண்ணுவார்கள். அதில் சமம், ஆளுக்கு இரண்டு. எனக்குச் சுவையாகப்படுவது வேறு கணக்கு. இருவரும் ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் வாரச் சம்பளத்துக்கு இருந்தவர்கள். இருவருக்கும் ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னரோடு கோர்ட் வரை தகராறு. ஒருவர் தோற்றார், ஒருவர் ஜெயித்தார். ஆனால் தோற்றவர் கெட்டுப்போகவும் இல்லை, ஜெயித்தவருக்கு அது சும்மா கிடைக்கவும் இல்லை.

அந்தக் காலத்து ஸ்டுடியோ ஒப்பந்தம் தெரிந்தால்தான் சண்டை புரியும். காலம் ஏழு வருடம். ஆனால் வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா என்று அவ்வப்போது முடிவு செய்யும் உரிமை ஸ்டுடியோவுக்கு மட்டும்தான். கொடுத்த வேடம் பிடிக்கவில்லை, மாட்டேன் என்றால் சஸ்பெண்ட், சம்பளம் கிடையாது. அதோடு விட்டார்களா? சும்மா உட்கார்ந்திருந்த அத்தனை வாரங்களையும் ஒப்பந்தத்தின் வாலில் கட்டிவிடுவார்கள். முரண்டு பிடிக்கப் பிடிக்க வால் நீளும். ஏழு வருடம் எப்போது முடியும் என்பதே கேள்விக்குறி.

டேவிஸ் இதை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார். 1935 படத்துக்கு ஆஸ்கர் வாங்கியும் மட்டமான கதைகளே வந்துகொண்டிருந்தன. 1936ல் ஒரு படத்தை மறுத்து, சஸ்பெண்ட் ஆகி, இங்கிலாந்தில் வேறொரு தயாரிப்பாளரிடம் கையெழுத்துப் போட்டார். கடல் தாண்டிவிட்டால் ஸ்டுடியோவின் கை எட்டாது என்று நினைத்திருக்கலாம். வார்னர் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே வந்து தடை கேட்டார். ஸ்டுடியோவின் வக்கீல் சர் பேட்ரிக் ஹேஸ்டிங்ஸ், இது கூடுதல் காசு கேட்டு அடம்பிடிக்கும் குறும்புக்காரப் பெண்ணின் விவகாரம் என்ற தொனியிலேயே வாதாடினார். வாரம் 1,350 டாலர் வாங்குபவரை அடிமை என்று சொன்னால், பொருளாதார மந்தத்தில் தவித்த உலகத்தில் யார் இரங்குவார்கள்?

தீர்ப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. வார்னருக்கு நடித்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வேறு யாருக்கும் நடிக்கக் கூடாது என்று மட்டும் தடுத்தது. அப்படியானால் பட்டினிதானே என்றால், இவர் கெட்டிக்காரர், நடிப்பைத் தவிர வேறு வேலை செய்தும் பிழைக்கலாம், வருமானம்தான் குறையும் என்பது நீதிபதியின் கருத்து. படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. ‘வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன்’ என்ற இந்த வழக்கை நம் சட்ட மாணவர்களும் படிக்கிறார்கள். நெல்சன் என்பது டேவிஸின் அன்றைய கணவரின் பெயர். நடிகையின் வழக்கு என்று தெரியாமலே மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

தோற்றுத் திரும்பியவரை வார்னர் பழிவாங்கவில்லை. சண்டை போட்டவருக்கு நல்ல கதைகள் வரத் தொடங்கின. 1938ல் ‘ஜெசபெல்’, அதற்கு இரண்டாவது ஆஸ்கர். அடுத்த நாலைந்து வருடங்கள்தான் அவருடைய பொற்காலம். ஆனால் கிடைத்ததெல்லாம் அவர் ஒருவருக்கு. ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

ஒலிவியாவின் சுபாவமே வேறு. 1916ல் டோக்கியோவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். எரால் ஃபிளின்னோடு எட்டுப் படங்கள், பெரும்பாலும் கதாநாயகன் வந்து காப்பாற்றும் வரை காத்திருக்கும் வேடம். 1939ல் வெளிவந்த, வேறொரு தயாரிப்பாளரின் ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்கு அவரை இரவல் கொடுக்க ஜாக் வார்னர் மறுத்தபோது, வார்னரின் மனைவியிடம் பேசிக் காரியத்தை முடித்தார். கத்துகிற ஆள் இல்லை, வழி தேடுகிற ஆள்.

1943 மே மாதம் அவருடைய ஏழு வருடம் முடிந்தது. இல்லை, சஸ்பெண்ட் ஆன காலத்துக்காக இன்னும் 25 வாரம் பாக்கி என்றது ஸ்டுடியோ. டேவிஸ் நடுவில் ஓடினார். ஒலிவியா கெடு முடியும் வரை பொறுத்திருந்து, ஒரே ஒரு கேள்வியோடு போனார். கலிஃபோர்னியா சட்டம் ஒருவரை ஏழு வருடத்துக்கு மேல் வேலை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது என்கிறது. அந்த ஏழு வருடம் காலண்டரில் ஓடும் ஏழு வருடமா, செட்டில் உழைத்த நாட்களை மட்டும் கூட்டிய ஏழு வருடமா? வழக்கின் உயிர் இந்த ஒரு கேள்விதான். நல்ல வேடம், கெட்ட வேடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குறுக்கு விசாரணையை அவர் பின்னாளில் ரசித்துச் சொன்னதுண்டு. இன்ன வேடத்தில் நடிக்க மறுத்தீர்கள் அல்லவா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கக் கேட்க, ‘மறுக்கவில்லை, வேண்டாமென்றேன்’ என்கிற மாதிரியே பதில் சொன்னாராம். அடம்பிடிக்கும் பெண் என்ற முத்திரையைக் குத்த இடமே கொடுக்கவில்லை.

1944 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்: காலண்டர் கணக்கே கணக்கு. ஆனால் அதற்குள் ஜாக் வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் கடிதம் போட்டு, யாரும் அவருக்கு வேலை கொடுக்காதபடி பார்த்துக்கொண்டார். இரண்டு வருடம் போல அவருக்குப் படமே இல்லை. போர்க்கால மருத்துவமனைகளில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துவந்தார். இருபதுகளின் கடைசியில் ஒரு நடிகைக்கு இரண்டு வருடம் என்பது சின்ன விலை இல்லை. அப்புறம் வந்தவை சேர்த்துவைத்துக் கொடுத்த மாதிரி: 1946, 1949 படங்களுக்கு இரண்டு ஆஸ்கர். அந்தத் தீர்ப்பை இன்றும் அவர் பெயரால் ‘டி ஹாவிலண்ட் சட்டம்’ என்றே சொல்கிறார்கள்.

சண்டையே வேண்டாம் என்பவர்களுக்கு அதே காலத்து நடிகை பார்பரா ஸ்டான்விக்கின் வழி. ஒரே ஸ்டுடியோவுக்கு முழுசாக எழுதிக்கொடுக்காமல், பல இடங்களில் மாறி மாறி நடித்தார். 1944ல் அமெரிக்காவிலேயே அதிகம் சம்பாதித்த பெண் அவர்தான். ஆனால் அது ஏற்கெனவே கிராக்கி உள்ளவருக்கு மட்டும் வாய்க்கிற வழி. நான்கு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரையாகியும் போட்டியில் ஒன்றுகூட வரவில்லை.

என்னைக் கேட்டால், திரையில் பார்க்க எனக்கு டேவிஸ்தான். அவர் தோற்றுத் திரும்பிய பிறகு நடித்தவற்றுக்கு ஈடாக ஒலிவியாவின் படங்களில் ஒன்றிரண்டைத்தான் சொல்வேன். கோர்ட் விஷயத்தில் மட்டும் தயங்காமல் ஒலிவியா. டேவிஸின் வழக்கு நியாயம் கேட்டது, ஒலிவியாவின் வழக்கு தேதி கேட்டது. நீதிமன்றத்துக்குத் தேதி சொல்வது சுலபம்.

இருவரும் கடைசிவரை சிநேகிதிகள். 1964ல் டேவிஸ் நடித்துக்கொண்டிருந்த ஒரு படத்திலிருந்து ஜோன் கிராஃபோர்ட் உடல்நலம் காரணமாக விலக, அந்த இடத்துக்கு ஒலிவியாவைக் கேட்டார்கள். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இயக்குநர் ராபர்ட் ஆல்ட்ரிச் விமானம் ஏறி சுவிட்சர்லாந்து வரை போய், நேரில் உட்கார்ந்து பேசித்தான் சம்மதம் வாங்கினார்.