ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் தாங்குமா?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோப்பில் டார்கெட் வைத்துச் சுடுவது ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில்தான். குழல் விட்டம் 0.177 அங்குலம் (0.177 காலிபர்), குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள், அதனால் லைசென்ஸ் தேவையில்லை. இந்தச் சின்னத் துப்பாக்கி ஸ்கோப்பை, அதாவது மேலே மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியை, என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் நிறைய. பெரிய வேட்டைத் துப்பாக்கியில் உழைக்கிற ஸ்கோப்பைக்கூட இது கெடுத்துவிடும்.

உதைதான் காரணம். தோட்டாத் துப்பாக்கி பின்பக்கம் உதைக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் நிற்கும்போது மொத்தமும் முன்பக்கம் வெட்டி இழுக்கும். பல ஸ்கோப்புகளில் லென்ஸும் குறுக்குக்கோடும் பின்னுதைக்கு ஏற்றபடிதான் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். எதிர்ப்பக்கம் அடி விழ விழ உள்ளே தளர்ந்துவிடும். என் பழைய ஸ்கோப்பில் குறுக்குக்கோடே சாய்ந்துவிட்டது. வெளியே ஒரு கீறல் கிடையாது.

இப்போது இருப்பது ஏர் ரைஃபிளுக்கென்றே வந்த 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 40 மி.மீ.). சில எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையைப் பார்த்துவிட்டது, ஜீரோ, அதாவது குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி வைத்த அமைப்பு, அசையவில்லை.

ஸ்கோப் உழைக்குமா என்று பார்க்க, அதைக் கீழே போட்டுப் பார்ப்பதைவிடச் சதுரச் சோதனையை நம்புகிறேன். ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டுவிட்டு, ஸ்கோப்பின் திருகுகளை வலப்பக்கம் 20 கிளிக், மேலே 20, இடப்பக்கம் 20, கீழே 20 என்று திருப்பி ஒவ்வொரு மூலையிலும் ஐந்து பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) சுட வேண்டும். ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் 20 மீட்டரில் கிட்டத்தட்ட 3 செ.மீ. பக்கமுள்ள சதுரம் விழும். கடைசியில் சுடுவது முதல் கூட்டத்தின் மேலேயே விழ வேண்டும். விழாவிட்டால் ஸ்கோப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். ஆடிக் காற்றில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அரை கிராம் பெல்லட்டை நன்றாகவே தள்ளும், பழி ஸ்கோப் மேல் விழும். விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன் சுட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் மவுண்டைப் பாருங்கள். துப்பாக்கி மேலுள்ள 11 மி.மீ. ரெயிலில் ஸ்கோப் உதைக்கு உதை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகரும். ரெயிலில் பென்சில் கோடு போட்டு வைத்தால் நகர்ந்தது தெரிந்துவிடும். நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட் கட்டாயம் வேண்டும். நகருகிறதே என்று ரிங் ஸ்க்ரூவை முறுக்கித் தள்ளினால் ஸ்கோப்பின் அலுமினியக் குழாய் நசுங்கி, கிளிக்கே சரியாக வேலை செய்யாது.

அப்புறம் ஈரம். நல்ல ஸ்கோப்பில் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். உள்பக்கம் பனி படர்ந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். மழைக்காலம் முழுக்க ஃபோம் பையில் மூடி வைக்காதீர்கள், ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லென்ஸில் பூஞ்சை வந்தால் கோட்டிங்கையே தின்றுவிடும், துடைத்தாலும் தடம் போகாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது போதும்.

வாங்கும்போது வாரண்டி அட்டையை முழுக்கப் படியுங்கள். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டினால் வாரண்டி செல்லாது என்று சில ஸ்கோப்புகளுக்குப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.