ஏழு மாரியும் ஒரு டபுள் கேப்பும்: பெரிய டயர், உயரம், கிரவுன் பினியன்

எங்கள் மாட்டுப்பட்டி முல்லைத்தீவு மாவட்டத்தின் நட்டாங்கண்டலுக்கு அப்பால், காட்டோரத்தில் இருக்கிறது. கடைசி ஆறு கிலோமீற்றருக்கு வீதி என்று எதுவும் இல்லை. உழவு இயந்திரங்கள் உழுதுபோட்ட இரண்டு தடங்களும் அவற்றுக்கு நடுவே ஒரு மண் முதுகும்தான் பாதை. கோடையில் அந்த முதுகு செங்கல்லாக இறுகிவிடும். ஐப்பசி மழை விழுந்ததும் கறுப்புக் களி தடத்தை முழங்கால் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். பாலை ஏற்றி வரவும் தவிடும் மருந்தும் கொண்டுபோகவும் என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106 டபுள் கேப் பிக்கப். 2.8 லீற்றர் டீசல், முன்னும் பின்னும் உருக்கு அச்சு, நான்கு பக்கமும் ஸ்பிரிங் தகடு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு வேறு வாகனம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. அதற்கு முன்பே, 2018இலிருந்து, இருப்பதையே இந்தப் பாதைக்கு ஏற்றதாக மாற்றத் தொடங்கியிருந்தேன். மூன்று வேலைகள் செய்தேன். அவற்றைச் செய்த வரிசை பிழை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தது உயர்த்துவது. 2018 ஆவணியில், ஒரு பட்டறையில் முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷக்கிளை நீட்டி, பின்னால் தகடு சேர்த்து, 3 அங்குலம் ஏற்றினோம். பார்வைக்கு அழகாக நின்றது. அந்த மார்கழியில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வெள்ளத்தில் மிதந்தன. வெள்ளம் வடிந்த மறுவாரம் பட்டிக்குப் போனபோது, பழைய இடத்திலேயே பழையபடி இறுகி நின்றது வாகனம். பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கர உருண்டையான டிஃபரன்ஷியல் மண் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்க, சில்லுகள் சும்மா சுழன்றன. உழவு இயந்திரத்தோடு இழுக்க வந்த அயலூர் அண்ணை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, முதுகை உயர்த்தியிருக்கிறாய், வயிறு அதே இடத்தில்தானே தொங்குகிறது."

அவர் சொன்னதுதான் முழு விடயமும். இப்படி முழு உருக்கு அச்சு உள்ள வாகனத்தில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சும் அதன் நடுவிலுள்ள உருண்டையும் டயரின் உயரத்தில்தான் நிற்கும். அவற்றை மேலே தூக்குவது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி அளவுக்கு. எங்கள் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். தடம் ஆழமாக இருக்கிறது என்று ஓரத்தால் விலகிப் போக எல்லா இடத்திலும் முடியாது. வன்னியில் சில காட்டோரங்களில் இன்னும் கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகைகள் நிற்கின்றன. போட்ட தடத்திலேயே போய்த் திரும்புவதுதான் உயிருக்கு உத்தரவாதம்.

அந்த 3 அங்குலத்தால் வேறு வினைகளும் வந்தன. நீட்டிய ஷக்கிள் முன் அச்சைச் சற்றுத் திருப்பிவிட்டது. ஏ-9 பெருந்தெருவில் 70 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஸ்டியரிங் நேரே நிற்காது. புரோபெல்லர் ஷாப்ட் அதிர்ந்தது. ஒரு நாள் வாய்க்கால் வரம்பைக் குறுக்கே கடக்கும்போது ஒரு முன் சில்லு கீழே தொங்கியது. இறங்கிப் பார்த்தேன். பிரேக் ரப்பர் குழாய் வீணைத் தந்திபோல் விறைத்திருந்தது. உயர்த்திய பட்டறை அதை நீட்டவே இல்லை. அன்றே எல்லாவற்றையும் கழற்றிவிட முடிவெடுத்தேன். இப்போது இருப்பது 2 அங்குலத்துக்கு என்றே வளைத்த தகடுகள், பொருத்தமான ஷொக் அப்சோபர்கள், நீளமான பிரேக் குழாய்கள். பெரிய டயர் மட்காட்டில் உரசாமல் இருக்க இந்த உயரமே போதும். அதற்கு மேல் உயர்த்த ஒரு காரணமும் எனக்கு அகப்படவில்லை.

டயர் 2019இல். முன்பிருந்த 205ஆர்16இன் விட்டம் ஏறக்குறைய 735 மில்லிமீற்றர். போட்டது 235/85ஆர்16, விட்டம் 806. டிஃபரன்ஷியல் 35 மில்லிமீற்றர் உயர்ந்தது. கேட்பதற்குச் சிறிய கணக்கு, பட்டிப் பாதையில் அது பெரிய வித்தியாசம். முன்பு முதுகை இடித்துக்கொண்டு போன இடத்தில் இப்போது உரசிக்கொண்டு போகிறேன். அகலமான 31 அங்குல டயர் வாங்கும்படி பலர் சொன்னார்கள். எங்கள் களிக்கு ஒடுங்கிய, உயரமான டயர்தான் சரி. அது மேல்சேற்றை வெட்டி அடியிலுள்ள இறுகிய மண்ணைப் பிடிக்கிறது. அகலமானது மேலே மிதந்து வழுக்கும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில்தான் அகலத்துக்குப் பயன். அங்கேயும் காற்றை 18 இறாத்தலுக்கு இறக்கினால் இந்த ஒடுங்கிய டயரே கொண்டுபோகிறது. தார் வீதிக்கு ஏறியவுடன் மறக்காமல் 32க்கு நிரப்ப வேண்டும்.

முதல் தொகுதி ஆழக் கட்டையுள்ள சேற்று டயர். 38,000 கிலோமீற்றரில் முடிந்தது. ஏ-9இல் அதன் இரைச்சல் காதை அடைக்கும். இரண்டாவது தொகுதி எல்லாத் தரைக்குமான டயர். நனைந்த வயலுக்குள் முன்னையது தெளிவாகவே மேல். ஆனால் துணுக்காய், முருங்கன் பக்கக் கறுப்புக் களி எந்தக் கட்டையையும் பத்துச் சுற்றில் நிரப்பி மழுக்கிவிடுகிறது. ஆண்டில் மூன்று மாதச் சேற்றுக்காக மீதி ஒன்பது மாதமும் அந்த இரைச்சலைச் சுமக்க நான் இனி விரும்பவில்லை.

பெரிய டயர் வந்ததும் வாகனம் சோர்ந்துபோனது. காட்டுக்குள் அது தெரியவில்லை, லோ கியரின் 2.28 மடங்கு அதை மறைத்துவிடும். தெரிந்தது தார் வீதியில். நெல் மூட்டையோடு மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்குப் போகும்போது ஐந்தாம் கியர் வெறும் அலங்காரம். பின்னோக்கி மேட்டில் ஏற்றினால் கிளச் மணக்கும். 2020இல் கிளச் பிளேட் மாற்ற வேண்டி வந்தது. அந்தப் பணத்தை முதலே கியருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கணக்கு எளிது. கிரவுன் பினியன் என்பது டிஃபரன்ஷியல் உருண்டைக்குள் இருக்கும் பற்சக்கர இணை; ஷாப்ட் எத்தனை முறை சுற்றினால் சில்லு ஒரு முறை சுற்றும் என்பதே அதன் எண். என் வாகனத்தில் இருந்தது 4.10. டயர் ஏறக்குறைய பத்து வீதம் உயர்ந்ததால் பழைய இழுவைக்கு 4.50 வேண்டும். அதற்கு அருகில் கிடைப்பது 4.56. 2021இல் கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி, முன்னுக்கும் பின்னுக்கும் முழு உருண்டையாகவே எடுத்தேன். இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் நான்கு சில்லு இயக்கத்தில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி உடைத்துவிடும். வாங்கும்போது பற்களை எண்ணிப் பாருங்கள், விற்பவரின் வாய்ச்சொல் போதாது. 41 பல்லும் 9 பல்லும் என்றால் 4.56, 41 பல்லும் 10 பல்லும் என்றால் 4.10.

மாற்றிய அன்றே இழுவை திரும்பிவிட்டது. வேகமானியும் தானாகச் சரியானது. பெரிய டயரோடு அது 60 காட்டும்போது உண்மையில் 66இல் போய்க்கொண்டிருந்தேன். இப்போது 59. எரிபொருளும் அப்படித்தான். டயர் போட்டபின் லீற்றருக்கு 8.3 கிலோமீற்றர் என்று பதறினேன். மானி குறைத்துக் காட்டியதைத் திருத்தினால் 9.1. கியருக்குப் பின் 9.7. ஆரம்பத்தில் இருந்த 10.4 திரும்பவில்லை, திரும்பவும் மாட்டாது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களில் அந்தக் குறை நன்றாகவே உறைத்தது.

யாரும் சொல்லாத மலிவான வேலை ஒன்று இருக்கிறது. டிஃபரன்ஷியலின் மூச்சுக் குழாயை நீளமான ரப்பர் குழாயால் எஞ்சின் பகுதி வரை உயர்த்திக் கட்டுங்கள். வவுனிக்குளம் வான் பாயும் நாட்களில் நீருக்குள் இறங்கினால், ஓடிச் சூடான உருண்டை திடீரெனக் குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும். என் முன் டிஃபரன்ஷியல் ஒயில் ஒரு மாரி முடிவில் பால்தேநீர் நிறத்தில் வடிந்தது. இரண்டு மீற்றர் குழாய் போட்ட பிறகு அது நடக்கவே இல்லை.

பிரேக் மட்டும் இன்னும் எனக்கு நிறைவாக இல்லை. பெரிய சில்லை நிறுத்தக் கூடுதல் தூரம் எடுக்கிறது, சுமையோடு இருந்தால் இன்னும் அதிகம். பின் லைனிங் இரண்டு முறை மாற்றிவிட்டேன். இந்தப் புரட்டாசிக்குள் பிரேக் டிரம்மைக் கடைந்து பார்க்க வேண்டும். அதுவரை, மாடு குறுக்கே வரும் இடங்களில் 40க்கு மேல் போவதில்லை.