எம்சிபி அடிக்கடி விழுகிறதென்று பெரிதாக மாற்ற வந்தால் விடாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. கத்திரி வெயிலில் ஒன்றரை டன் ஏசி வாங்கினோம், இன்வெர்ட்டர் டைப் இல்லாதது. மாட்ட வந்தவர் படுக்கையறையில் இருந்த சாதாரண 6 ஆம்ப்ஸ் பிளக்கிலேயே கனெக்‌ஷன் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதே லைனில்தான் ஃப்ரிட்ஜும் இரண்டு ஃபேனும். அன்று ராத்திரியே அந்த லைனின் 10 ஆம்ப்ஸ் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச், விழுந்தது. தூக்கிவிட்டால் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி விழும்.

கூப்பிட்டேன், வந்தார். "ஏசிக்கு இது தாங்காது சார், பெருசா போட்டுடலாம்" என்று 32 ஆம்ப்ஸ் மாட்டினார். 700 ரூபாய். அப்புறம் விழவேயில்லை. எனக்கும் சந்தோஷம்.

பத்து நாள் போயிருக்கும். "என்னங்க, மீன் வாடை அடிக்குது" என்றாள் மனைவி. கடலூரில் மீன் வாடைக்கு யார் சந்தேகப்படுவார்கள்? தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று என்று ஜன்னலைச் சாத்தினேன். பிளாஸ்டிக் கருகினாலும் அதே வாடைதான் வரும் என்பது இரண்டு நாள் கழித்து, ஏசி பிளக்கைப் பிடுங்கப் போனபோது தெரிந்தது. உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கிடந்தது.

வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து கழற்றினார். உள்ளே லைட்டுக்குப் போடுகிற ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர். "எம்சிபி ஏசியைக் காப்பாத்த இல்ல சார், ஒயரைக் காப்பாத்த" என்றார். இந்த ஒயரில் 25 ஆம்ப்ஸ் ஓடினாலும் 32 அசையாது, சுவருக்குள் ஒயர்தான் வேகும். 10 ஆம்ப்ஸ் விழுந்துவிழுந்து சொன்னதைக் கேட்காமல் அதன் வாயை அடைத்திருக்கிறோம்.

ஏசியின் ஸ்டிக்கரில் அதிகபட்ச கரண்ட் 10 ஆம்ப்ஸ் சொச்சம். அதைப் பார்த்துவிட்டு எம்சிபிகள் இருக்கிற டிபி பாக்ஸிலிருந்து தனி லைன் இழுத்தார்: ரெண்டரை ஸ்கொயர் காப்பர் ஒயர், எர்த், 16 ஆம்ப்ஸ் பவர் பிளக், 'சி16' என்று போட்ட எம்சிபி. கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு நொடி கரண்ட் பல மடங்கு இழுக்கும். 'பி' டைப் அதற்கே விழுந்துவிடும், 'சி' கொஞ்சம் பொறுக்குமாம். ஷாக்குக்கு இதெல்லாம் உதவாது, கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி தனியாக வேண்டும் என்றார். அதையும் போட்டேன்.

முதலில் வந்தவருக்கு போன் போட்டுக் கத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விழாம பண்ணிக் குடுங்கன்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்றார்.

சொன்னேன்தான்.